கோப்ரா நகல் காரை வீட்டு கராஜில் கட்டி முடிப்பது எப்படி

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் ஏசி கார்ஸ் நிறுவனம் தயாரித்துவந்த ஏஸ் என்ற இலகுவான இருவர் காரில், அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி 1962-இல் ஃபோர்டு வி8 என்ஜினைப் பொருத்தச் செய்ததிலிருந்து கோப்ரா பிறந்தது. உற்பத்தி நின்ற 1967 வரை ஏறத்தாழ ஆயிரம் கார்களே வெளிவந்தன. அவற்றில் ஒன்றை இன்று வாங்குவது பெருஞ்செல்வர்களுக்கு மட்டுமே இயலும் என்பதால், அதே வடிவத்தில் ஃபைபர் உடலும் எஃகுச் சேஸிஸும் (அடிச்சட்டம்) செய்து, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பான கிட்டாக விற்கும் நிறுவனங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல தோன்றின. உலகில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் இதுவாகவே இருக்கும். இங்கே சொல்லப்படுபவை பிரிட்டனில் அத்தகைய கிட்டை வாங்கி வீட்டிலேயே கட்டி, முறையாகப் பதிவு செய்து சாலையில் ஓட்ட விரும்புவோருக்கானவை.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஐவிஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனை. முன்பிருந்த எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக 2009-இல் வந்த இதை டிவிஎஸ்ஏ என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. இதில் தேறாத வண்டிக்குப் பதிவெண் கிடைக்காது. சோதனையின் விதிமுறைக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலானோர் காரைக் கட்டி முடித்த பிறகே அதைத் திறக்கிறார்கள். கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரேக் குழாயை எங்கே கிளிப் போட்டுப் பிடிப்பது, ஸ்விட்சை டேஷ்போர்டின் எந்தப் பக்கம் வைப்பது, இன்டிகேட்டர் விளக்குக்குத் துளையை எந்த இடத்தில் போடுவது என்று ஒவ்வொன்றையும் அந்தக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்தால், வர்ணம் அடித்த உடலில் மறுபடி துளை போடும் கொடுமை நேராது.

கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலில் உள்ளதைவிட இல்லாததைக் கவனித்துப் படியுங்கள். அடிப்படைக் கிட் என்ற பெயரில் சேஸிஸும் உடலும் மட்டுமே வந்து, கண்ணாடி, ரேடியேட்டர், ஒயரிங், இருக்கை, சக்கரம் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். நிறுவனத்துக்கு நேரில் சென்று, அவர்கள் கட்டிவைத்திருக்கும் காரில் ஷூ அணிந்த காலோடு உட்கார்ந்து பாருங்கள். கோப்ராவின் கால்வைக்கும் பகுதி குறுகலானது என்பதால், பெரிய பாதம் உடையவர்களுக்கு பிரேக் மிதியும் கிளட்ச் மிதியும் ஒன்றாகவே அகப்படும். அதே கிட்டை ஏற்கெனவே கட்டி ஐவிஏ தேறியவர்கள் ஓரிருவருடன் பேசிவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. நிறுவனம் தரும் விளக்கப் புத்தகத்தின் தரத்தை அவர்கள்தான் ஒளிக்காமல் சொல்வார்கள்.

அடுத்து, என்ஜினும் பாகங்களைக் கழற்றி எடுக்க வாங்கும் பழைய வண்டியும். பல பிரிட்டிஷ் கோப்ரா கிட்டுகள் ஜாக்குவாரின் முன்பின் சஸ்பென்ஷன் பாகங்களை நம்பி வடிவமைக்கப்பட்டவை. ஜாக்குவாரின் பழைய மாடலான எக்ஸ்ஜே6-இன் பின்பகுதியில் பிரேக் டிஸ்குகள் சக்கரத்தின் அருகில் இல்லாமல் நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். காரைக் கட்டிய பிறகு அவற்றை எட்டுவது பெரும்பாடு. ஆகவே அந்தப் பகுதி முழுவதையும் மேசைமேல் வைத்து, டிஸ்க், காலிப்பர், ஆயில் சீல், பேரிங், புஷ் அனைத்தையும் புதிதாக மாற்றி, ஹேண்ட் பிரேக்கின் தனிக் காலிப்பர்கள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்த பின்பே சேஸிஸில் பூட்டுங்கள். பிந்தைய மாடலான எக்ஸ்ஜே40-இல் டிஸ்குகள் சக்கரத்துக்கே வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைவு.

என்ஜினைப் பொறுத்தவரை, ரோவர் வி8 முழுவதும் அலுமினியத்தால் ஆனது, இலகுவானது, உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். ஷெவர்லேயின் எல்எஸ் வரிசை என்ஜின்கள், குறிப்பாக 6.2 லிட்டர் எல்எஸ்3, தேவைக்கு மேலான வலிமை தருபவை. கூடவே கம்ப்யூட்டரும் சென்சார்களும் வரும். சோதனையில் புகை அளவு என்ஜின் எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது என்பதை வைத்தே மதிப்பிடப்படும். பழைய என்ஜினுக்கு விதி தளர்வானது. புதியதற்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தேவைப்படும். என்ஜினின் வயதை ஆவணத்தோடு நிரூபிப்பது உங்கள் பொறுப்பு என்பதால், அதில் பொறித்த எண்ணைக் கொண்டு தயாரிப்பாண்டைச் சொல்லும் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இடம் பற்றி ஒரு சொல். பெரிய என்ஜின் கொண்ட வகையான அசல் 427 கோப்ராவின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு, அகலம் சுமார் 1.73 மீட்டர். ஒரு கார் நிற்கும் கராஜில் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் வேலையின் பெரும்பகுதியில் சேஸிஸ் ஓரிடத்திலும் உடல் இன்னோரிடத்திலும் இருக்கும். கூரை உத்தரம் தாங்குமானால் உடலைக் கப்பி போட்டு மேலே தூக்கி நிறுத்தலாம். இல்லையேல் வெளியே தார்ப்பாய்க்குக் கீழே சமதளமான மரச்சட்டத்தின்மேல் வையுங்கள். கோணலாக வைத்தால் ஃபைபர் மெல்ல வளைந்து, பிறகு கதவுகள் பொருந்தாமல் போகும்.

சேஸிஸ் வந்ததும் முதல் வேலை பவுடர் கோட்டிங்கைக் கெடுக்காமல் ஸ்டாண்டுகள்மேல் நிமிர்த்தி வைத்து, துளைகளிலும் மரைகளிலும் அடைத்திருக்கும் கோட்டிங்கைச் சுத்தம் செய்வது. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பிடித்துப் பார்த்து, பின்னால் கழற்ற வேண்டியிருக்கும் தகடு எது என்று தீர்மானியுங்கள். எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் பட்டதும் அரிக்கத் தொடங்கும்; ஆதலால் இடையில் பாலியூரித்தேன் சீலன்ட் தடவியே ரிவெட் அடிக்க வேண்டும்.

சஸ்பென்ஷனிலும் ஸ்டீரிங்கிலும் 8.8 தரக் குறியிட்ட எஃகு போல்ட்டுகளோ கிட் நிறுவனம் குறிப்பிட்டவையோ மட்டுமே வர வேண்டும். பளபளப்புக்காகச் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை இந்த இடங்களில் போடாதீர்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதியதைப் போடுங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். கோடு இல்லாத நட்டு இன்னும் இறுக்கப்படாதது என்ற கட்டுப்பாடு, வார இறுதிகளில் மட்டும் வேலை செய்கிறவருக்கு நினைவாற்றலைவிட நம்பகமானது. ரப்பர் புஷ் உள்ள இணைப்புகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும்.

பிரேக் குழாய்களுக்குச் செம்பும் நிக்கலும் கலந்த 3/16 அங்குலக் குழாய் ஏற்றது. கையால் வளையும், துருப் பிடிக்காது. முனையை விரிக்கும் கருவிக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவுக் கருவியால் செய்த முனைதான் பெரும்பாலும் கசியும். ஒற்றை விரிப்பா இரட்டை விரிப்பா என்பது பொருத்தும் துளையின் அடிவடிவத்தைப் பொறுத்தது. சுமார் 300 மில்லிமீட்டருக்கு ஒரு கிளிப், அசையும் பாகங்களிலிருந்தும் எக்சாஸ்ட்டிலிருந்தும் தாராளமான இடைவெளி, தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் என்ற மூன்றையும் கடைப்பிடித்தால் சோதனையாளருக்குச் சொல்ல ஒன்றும் இராது. பெட்ரோல் குழாய்க்கும் இதே ஒழுங்குதான். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்ததாக வருகிறது. பழைய வகை ரப்பர் குழாயில் அது விரிசல் விழச் செய்யும். எனவே எத்தனாலைத் தாங்கும் தரமான ஆர்9 என்று அச்சிட்ட குழாயையே வாங்குங்கள்.

பிரேக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. ஜாக்குவாரின் பிரேக்குகள் அதன் எடைக்கும் அந்த எடை முன்பின்னாகப் பிரிந்திருந்த விதத்துக்கும் அளந்து செய்யப்பட்டவை. சுமார் 1100 கிலோ எடையில், என்ஜின் பின்தள்ளி உட்கார்ந்திருக்கும் கோப்ராவில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. எந்த நிலையிலும் முன்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரங்கள் முந்தினால் வண்டி சுழன்றுவிடும், சோதனையிலும் தோல்விதான். முன்பின் விகிதத்தைத் திருகிச் சரிசெய்யும் சாதனம் வைத்திருந்தால், சோதனைக்கு முன் அதை ஓட்டுநர் அசைக்க முடியாதபடி நிலையாகப் பூட்டிவிட வேண்டும்.

ஒயரிங் பகுதியில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். ஆனால் அதன் பெருஞ்சிக்கல் ஒரே ஒரு காரணத்திலிருந்து வருகிறது: ஃபைபர் உடலில் மின்சாரம் பாயாது. தகர உடல் உள்ள காரில் விளக்கை உடலில் திருகினாலே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கிடைத்துவிடும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் பெட்ரோல் அளவுமானிக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துச் சேஸிஸில் சேர்க்க வேண்டும். சேரும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி, இறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள். இடது இன்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா, ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் ஆடுகிறதா, ஃபியூஸைத் தேடும் முன் எர்த்தைப் பாருங்கள். என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை கட்டாயம். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று கேபிளைக் கருக்கிவிடும்.

விளக்குகளின் இடம் அழகு பார்த்து வைப்பதன்று. இன்டிகேட்டரும் பார்க் லைட்டும் வண்டியின் வெளி விளிம்பிலிருந்து 400 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாழ்வொளி ஹெட்லைட் தரையிலிருந்து 500 முதல் 1200 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அமைய வேண்டும். விளக்குகளில் ‘ஈ’ என்ற ஒப்புதல் முத்திரை வேண்டும். பின்புற மூடுபனி விளக்கு, பக்கவாட்டு இன்டிகேட்டர் ஆகியவை அறுபதுகளின் அசலில் இல்லாதவை. நகலில் இல்லாமல் முடியாது.

என்ஜினை முதன்முதலில் இயக்கும் நாளுக்கு அவசரப்படாதீர்கள். ரோவர் வி8-ஐத் திறந்து வேலை செய்திருந்தால், அதன் ஆயில் பம்ப் உலர்ந்த நிலையில் தானாக ஆயிலை இழுக்காது. பம்பின் பற்சக்கரங்களுக்கிடையே வாசலைனை நிறைத்து மூடுவதே காலங்காலமான வழி. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் மானியில் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, அதன் பின்பே பிளக் மாட்டி இயக்குங்கள். புதிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், இயங்கத் தொடங்கியதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றில் சுமார் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். அருகில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும். கராஜின் கதவு முழுவதும் திறந்திருக்கட்டும்.

இனி உடல். கிட்டில் வரும் ஃபைபர் உடல் அச்சிலிருந்து எடுத்த பிறகும் சில வாரங்கள் சுருங்கி இறுகிக்கொண்டே இருக்கும். வந்தவுடன் வர்ணம் அடித்தால் உள்ளிருக்கும் கண்ணாடி இழையின் பின்னல் மேலே தெரியத் தொடங்கும். அதைச் சேஸிஸில் பூட்டி, கதவு, பானட், டிக்கி மூன்றையும் கீலில் தொங்கவிட்டு, சந்து எங்கும் ஒரே அளவாக வரும்வரை விளிம்புகளைத் தேய்ப்பதும் தேவையான இடத்தில் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து வளர்ப்பதும்தான் இந்தக் கட்டுமானத்திலேயே நெடிய வேலை. இதைப் பட்டி பூசி மறைக்க நினைக்காதீர்கள். தடித்த பட்டி கதவை ஒருமுறை அறைந்ததும் விண்டுவிடும். அச்சுகள் சேர்ந்த இடத்தில் உள்ள மேட்டைச் சமமாக்கும்போது அடியில் காற்றுக்குமிழி தென்பட்டால் குத்தித் திறந்து நிரப்புங்கள். விட்டுவைத்தால் முதல் கோடை வெயிலில் அதுவே கொப்புளமாகும். தேய்க்கும்போது எஃப்எஃப்பி3 தர முகக்கவசமும் நீண்ட கைச் சட்டையும் அணிந்து, வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ணத்துக்கு அனுப்பும் முன் கார் முழுவதையும், கண்ணாடியும் இருக்கையும் சீட் பெல்ட்டும் உட்பட, ஒருமுறை பூட்டி முடித்துவிட வேண்டும். பிறகு கழற்றி வர்ணம் அடித்து மீண்டும் பூட்டுவது இரட்டை வேலையாகத் தெரியும். ஆனால் அனுபவம் உள்ளவர்களில் பலர் இன்னும் ஒருபடி மேலே போய், வர்ணம் அடிக்காமல், அச்சிலிருந்து வந்த மேல்பூச்சான ஜெல்கோட் மட்டும் உள்ள உடலோடேயே ஐவிஏ சோதனைக்குச் செல்கிறார்கள். சோதனையில் எதையாவது இடம் மாற்றச் சொன்னாலும் ஒரு துளையை அடைத்து இன்னொன்று போடுவதோடு முடிந்துவிடும். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கோப்ரா வடிவத்தை ஐவிஏ கடுமையாகச் சோதிக்கும் இடம் வெளிமுனைகள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து தொடக்கூடிய எந்த வெளிமுனையும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு பந்தையோ வட்ட அட்டையையோ எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் போய்ப் பாருங்கள். சக்கரத்தின் நடுவே காது நீட்டிய ஸ்பின்னர் நட்டு, பம்பர் இடத்தில் உள்ள கொக்கிகள், பானட்டின் காற்று வாய், பக்கவாட்டுத் திறப்புகளின் தகடுகள் என்று இந்தக் காரை அழகாக்கும் பொருள்களே அந்தப் பந்தில் மாட்டும். ஸ்பின்னருக்குப் பதில் காதில்லாத நட்டும், திறந்த விளிம்புகளுக்கு ரப்பர் பட்டையும் வழக்கமான தீர்வுகள். காரின் உட்புறத்தைச் சோதிக்கும் பந்தின் விட்டம் 165 மில்லிமீட்டர் ஆகிறது. பயணி பக்கம் டேஷ்போர்டின் கீழ் விளிம்புக்கு 19 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். தோல் ஒட்டுவதற்கு முன் அந்த விளிம்பில் குழாய்களுக்குச் சுற்றும் ஃபோம் உறையை நெடுக்காகப் பிளந்து மாட்டினால் அந்த வளைவு எளிதில் கிடைக்கும். அசலைப் போல நீட்டிய டாகிள் ஸ்விட்சுகளை விரும்புகிறவர்கள், ஸ்டீரிங் வளையத்துக்குப் பின்னால் விலக்கு அளிக்கப்பட்ட பகுதிக்குள் அவற்றை அடக்கிக்கொள்ளலாம்.

சோதனைக்காக மட்டும் சிலவற்றைப் பூட்டி, தேறியதும் கழற்றிவிடும் வழக்கம் கிட் கார் உலகில் பரவலாக உண்டு. ஒரு ரப்பர் பட்டை விஷயத்தில் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பிரேக், ஸ்டீரிங், சீட் பெல்ட் ஆகியவற்றில் அது கூடவே கூடாது. தோள்பட்டைப் பெல்ட்டின் மேல்பிடி இருக்கையின் அடியிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி, மோதலில் முதுகெலும்பு நசுங்காமல் காப்பதற்காக வைக்கப்பட்டது.

ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாததும் பலரைத் தோற்கடிக்கும். சோதனையாளர் வண்டியை வட்டமாக ஓட்டிப் பிடியைத் தளர்த்தும்போது சக்கரங்கள் நேர்நிலையை நோக்கி வர வேண்டும். வரவில்லை என்றால் கேஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவை, கூட்டுங்கள்; புதிய பால் ஜாயின்டுகளின் இறுக்கத்தையும் ஸ்டீரிங் தண்டு எங்காவது உரசுகிறதா என்பதையும் பாருங்கள். டயர் காற்றழுத்தத்தை ஜாக்குவாருக்குச் சொன்ன அளவில் வைக்காமல் இலகுவான வண்டிக்கு ஏற்றபடி வையுங்கள். எக்சாஸ்ட் ஒலிக்கு வரம்பு 99 டெசிபெல். அதிகபட்ச வலிமை கிடைக்கும் சுற்றில் முக்கால் பங்கில், குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி இது அளக்கப்படும். கோப்ராவின் பக்கவாட்டுக் குழாய்கள் இந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டுபவை என்பதால், உள்ளே செருகும் தடுப்புகளைத் தயாராக வைத்திருங்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. சற்றுக் கூடுதலாகக் காட்டுவது ஏற்கப்படும்.

முன்பதிவு செய்த ஐவிஏ சோதனைக்குப் பதிவெண் இல்லாமலே ஓட்டிச் செல்லச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் சேஸிஸ் எண்ணின்மேல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இருந்தாலும் டிரெய்லரில் ஏற்றிச் செல்வதே புத்திசாலித்தனம். இதுவரை சாலையையே காணாத வண்டி நெடுஞ்சாலையில் நின்றுபோனால் அன்றைய சோதனையும் கட்டணமும் போயின. முதல் முறை தேறாதவர்கள் ஏராளம். குறைகளைப் பட்டியலிட்டுத் தருவார்கள். சரிசெய்து மறுசோதனைக்குப் போகலாம்.

தேறியதும் கிடைக்கும் ஒப்புதல் சான்றிதழுடன் வி627/1 என்ற கட்டுமான அறிக்கை, வி55/4 அல்லது வி55/5 விண்ணப்பம், காப்பீட்டுச் சான்று, பாகங்கள் வாங்கிய ரசீதுகள், கட்டும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கு அனுப்ப வேண்டும். முழுவதும் புதிய பாகங்களால் கட்டிய வண்டிக்கு நடப்பு ஆண்டின் எண் கிடைக்கும். பாகங்களின் வயதையோ மூலத்தையோ நிரூபிக்க முடியாத வண்டிக்கு ‘கியூ’ வரிசை எண் வரும். ஒரு திருகாணிக்குக்கூட ரசீது வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவே.

எண் தகடு மாட்டிய பிறகு முதல் நூறு மைல்களை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். பிறகு வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, சக்கர நட்டிலிருந்து ஸ்டீரிங் இணைப்புகள் வரை பெயின்ட் கோடு போட்ட அனைத்தையும் டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். பிரேக் குழாய்களில் ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். என்ஜினின் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். தோராயச் சந்தை விலைக்கு எடுத்த காப்பீடு இத்தகைய காருக்குப் போதாது என்பதால், ரசீதுகளையும் படங்களையும் காட்டி, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட காப்பீடாக அதை மாற்றிக்கொள்ளுங்கள்.